ரொம்பச் சுத்தமான தண்ணீர்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது இது. என் தம்பி டெங்கிக் காய்ச்சலில் போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. லோரி கம்பெனி ஆபீஸில் வேலை. டிரைவர் பொய் சொன்னால் மூஞ்சிக்கு நேராகக் கேட்பேன். துக்கம் விசாரிக்க வந்து, "நல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாமே" என்று சொன்ன அத்தையை அன்றைக்கே வெளியே போகச் சொன்னவள் நான்.

தம்பி விட்டுப்போனது ஒரு கடல் மீன் தொட்டி. நாலடி நீளம். ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மீன், மற்றதெல்லாம் பவளம். நகைக்கடைப் பவளம் இல்லை, உயிரோடு வளர்வது. அதில் ஒன்று அவனுக்கு உயிர். கிளை கிளையாக இருக்கும். ஒவ்வொரு கிளையிலும் கொத்தாக விரல்கள், நுனியில் மஞ்சள். தண்ணீர் ஓட்டத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரே கிளையாக வாங்கி வந்து புதர் மாதிரி வளர்த்திருந்தான். யாராவது கேட்டால் ஒரு கிளையை வெட்டிக் கொடுத்துவிடுவான்.

"கேட்டவனுக்கெல்லாம் ஏன்டா தூக்கிக் கொடுக்கிற?" என்று திட்டுவேன்.

"என் தொட்டி போச்சுன்னா அவங்க வீட்ல இருக்கும்லக்கா" என்பான். தொட்டி வைத்திருப்பவர்களுக்குள் அப்படி ஒரு பழக்கமாம்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். தம்பி போனபிறகு பேச்சே நின்றுவிட்டது. தொட்டி முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு மீனுக்குத் தீனி போடுவார். நினைத்தபோதெல்லாம் போடுவார். மிஞ்சிய தீனி அழுகி, கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி படர்ந்தது. அது அவருக்குத் தாங்கவில்லை. பஸ் ஏறிப் போய் ஒரு மீன் கடையில் விசாரித்து, டப்பா டப்பாவாக ஏதோ வாங்கி வந்தார்.

தொட்டிக்குக் கீழே அலமாரியில் ரியாக்டர் என்று ஒன்று இருக்கும். பால்மாவு டின் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய், கூடவே ஒரு சின்ன பம்ப். குழாய்க்குள் துருப்பிடித்த இரும்புப் பொடி மாதிரித் துகள்கள். தண்ணீர் அதன் வழியாக ஏறி வரும்போது, பாசிக்குச் சத்தாக இருப்பதை அந்தத் துகள்கள் பிடித்துக்கொள்ளும். தம்பி அதில் ஒரு கைப்பிடிதான் போடுவான். அப்பா வாங்கி வந்ததைக் குழாயின் வாய்வரை நிரப்பினார். அடுத்த வாரம் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக மறுபடி நிரப்பினார்.

பாசி போயே போய்விட்டது. தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. மீன்கள் காற்றில் மிதக்கிற மாதிரி இருந்தன. அப்பா என்னைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டார்.

"பாத்தியா, அவன் இருந்தப்பகூட இவ்வளவு சுத்தமா இல்ல."

அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

பிறகு பவளம் வெளுக்க ஆரம்பித்தது. விரல்கள் உள்ளே சுருங்கின. கிளை கிளையாகச் சதை கழன்று வெறும் எலும்பு நின்றது. தண்ணீர் இன்னும் அழுக்கு என்று நினைத்து அப்பா மறுபடி ரியாக்டரை நிரப்பினார்.

தம்பியின் கைப்பேசி என்னிடம்தான் இருந்தது. அதில் இருந்த தொட்டிக்காரர்களின் குரூப்பில் படத்தைப் போட்டு எழுதினேன்: "இது செத்துக்கிட்டு இருக்கு. என் தம்பிகிட்ட வாங்கிட்டுப் போனவங்களுக்கு மனசாட்சி இருந்தா வந்து பாருங்க."

அந்தச் சனிக்கிழமை சுபாங் ஜெயாவிலிருந்து ஒருவர் வந்தார். தம்பி வயசுதான் இருக்கும். நான் எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொட்டியைப் பார்த்தார். ரியாக்டரைக் கழற்றிச் சமையலறைக் குழாயடிக்குக் கொண்டுபோனார். நான் பின்னாலேயே போனேன்.

"அக்கா, இதை யாரு இவ்வளவு போட்டது?"

"அப்பா."

துகள்களைக் கொட்டிக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னார். "தண்ணி ரொம்பச் சுத்தமாயிருச்சுக்கா. பாசி திங்கிற சத்து கொஞ்சம் பவளத்துக்கும் வேணும். அது அடியோட இல்லாமப் போனா பட்டினிதான்."

நான் நேராக ஹாலுக்குத் திரும்பினேன். இதை இப்போதே சொல்லியாக வேண்டும், அதுதான் என் புத்தி. அவர் வழியை மறித்து நின்றார்.

"அக்கா, வேணாம் லா."

"சொன்னாத்தானே மறுபடி செய்ய மாட்டாரு?"

"நான் பாத்துக்கிறேன்."

கையைத் துடைத்துக்கொண்டு போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வெயில் ஜாஸ்தி அங்கிள். தண்ணி சூடாயிருச்சு. எங்க வீட்லயும் பாதி போச்சு. இந்தச் சூட்டுல ரியாக்டர்ல போடுற மருந்து சேராது, கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைப்போம்."

அப்பா தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். "அப்ப, என் பையன் இருந்திருந்தாலும் போயிருக்குமா?"

"போயிருக்கும் அங்கிள்."

நான் அடுப்பைத் துடைக்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

மிச்சம் இருந்த கிளைகளும் பிழைக்கவில்லை. சில வாரம் கழித்து, தண்ணீர் சரியானதும் அவர் மறுபடி வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஒரே ஒரு கிளை, நுனியில் மஞ்சள். தம்பி எப்போதோ அவருக்கு வெட்டிக் கொடுத்தது அவர் வீட்டில் வளர்ந்திருக்கிறது. அதிலிருந்து வெட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே தொட்டிக்குள் கையை விட்டு, அதைப் பாறை இடுக்கில் வைத்தார். வைத்தபிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

வந்தவர் கிளம்பும்போது அப்பா அறைக்குள் போனார். மிச்சமிருந்த துகள் டப்பாக்களை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தார்.

"கொண்டு போயிருங்க தம்பி. என்கிட்ட இருந்தா மறுபடியும் அள்ளிப் போட்டிருவேன்."

அவர் பையை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தார். அப்பாவுக்கு எப்போது தெரிந்தது, முதல் நாளே தெரிந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அந்தக் கிளையில் இப்போது மூன்று விரல்கொத்து இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள், "முன்னாடி பெருசா இருந்துச்சே?" என்று கேட்டால், "வெயில்ல போயிருச்சு" என்கிறார் அப்பா. ஆபீஸிலும் ரோட்டிலும் நான் இன்னும் மூஞ்சிக்கு நேராகத்தான் பேசுகிறேன். ஆனால் அப்பா அப்படிச் சொல்லும்போது மட்டும், பக்கத்தில் நின்றுகொண்டு, அந்த வருஷத்து வெயிலைத்தான் திட்டுகிறேன்.