ஒச்சம்மாள் இல்ல விழா

ஒச்சம்மாக்காவுக்கு இருதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்று கோயமுத்தூர் டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும். காப்பீட்டு அட்டையில் கிடைப்பது போக ஒன்றரை லட்சம் கையிலிருந்து கட்ட வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா என்னிடம், "நாலு மணி பஸ்ஸு கிடைக்குமா செல்வி?" என்றார். அவ்வளவு அலுப்பு அவருக்கு.

திருப்பூர் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருஷமாக ஒரே மேஜையில் செக்கிங் பார்க்கிறோம். தைத்து வரும் பனியனை விரித்து, ஓட்டையும் விட்டுப்போன தையலும் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. நான் இந்த ஊர்க்காரி. அவர் உசிலம்பட்டிப் பக்கம். வீட்டுக்காரர் மொக்கைச்சாமி போய்ச் சேர்ந்து எட்டு வருஷம். பிள்ளை இல்லை. கூலியில் பிடித்தம் போகும் என்று ஈஎஸ்ஐயில் சேராமல் காண்ட்ராக்ட் வேலையிலேயே காலத்தைத் தள்ளிவிட்டார்.

அந்தக் கூலியும் எங்கே போனது என்கிறீர்கள்? செய்முறைக்கு. திருப்பூருக்குப் பிழைக்க வந்த அவர் ஊர்க்காரர்கள் வீட்டில் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று எது நடந்தாலும் விட்டதில்லை. கால் கிலோ தக்காளிக்குப் பேரம் பேசுகிற மனுஷி, விசேஷ வீட்டில் ஆயிரம், இரண்டாயிரம் என்று மொய் வைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "குடுத்து வச்சது எங்கடி போகப் போகுது?" என்பார். அவர் வீட்டில் விசேஷம் என்று ஒன்று வந்தால்தானே அது திரும்பி வரும்! வரவில்லை.

வாய் விட்டுக் கேட்க அவரைச் சம்மதிக்கவைக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. முதலில் போனது கொழுந்தன் முறையாகும் அழகுமலை வீட்டுக்கு. கீழே பத்து மெஷின், மேலே வீடு. அந்தப் படியை அக்கா மூன்று இடத்தில் உட்கார்ந்து ஏறினார். அழகுமலை காபி கொடுத்தார். விஷயத்தைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இப்பக் குடுத்தா அது எந்தக் கணக்குல சேரும் மதினி? நாளைக்கு நீங்க ஒரு விசேஷம் வச்சா நான் மறுபடி செய்யணும்ல? பேசாம ஒரு விழான்னு கார்டு அடிங்க. ஒரு பய சும்மா இருக்க மாட்டான்."

ஐந்நூறு ரூபாயும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் கொடுத்து அனுப்பினார். நான் இறங்கும்போதே அவரைத் திட்ட ஆரம்பித்தேன்.

"அவன் மேல தப்பில்லடி," என்றார் அக்கா. "சீக்குக்குக் குடுக்கிறது தர்மம். செய்முறை தர்மம் இல்ல, கடன்."

அடுத்து ஏறிய நாலு வீட்டிலும் இதே பேச்சு. கடைசியில் வீட்டில் ஹார்லிக்ஸ்தான் சேர்ந்தது. அதனால் கார்டு அடித்தோம். 'ஒச்சம்மாள் இல்ல விழா' என்று மட்டும் போட்டிருந்தது. என்ன விழா என்று போடவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. எல்லாருக்கும் தெரியும்.

செலவு வேண்டாம், தக்காளி சாதம் போதும் என்று நான் எவ்வளவோ சொன்னேன். "கறிச்சோறு போடலைன்னா அது விசேஷமே இல்ல" என்று ஒரே பிடி. வட்டிக்கு வாங்கி ஆடு எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை, சின்ன மண்டபம், வாசலில் மைக். அக்கா புதுப் புடவையில் நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியதில் பாதிப் பேருக்குத் தலை மட்டும்தான் ஆட்டினார்.

மொய் எழுதியது நான்; பேரையும் தொகையையும் மைக் செட்டுக்காரர் வாசித்தார். கூட்டம் வந்தது, பொய் சொல்லக் கூடாது. அழகுமலை முதல் ஆளாக, அவர் வீட்டு நாலு விசேஷத்துக்கும் சேர்த்து எட்டாயிரம் வைத்தார். ஒவ்வொருவரும் அவரவர் வீட்டு மொய் நோட்டைப் பார்த்துவிட்டு வந்து வைத்தார்கள். நாலு மணிக்கு எண்ணி, அக்காவின் பழைய நோட்டோடு ஒத்துப் பார்த்தால், ஆட்டுக் கடன் போகவும் ஆபரேஷனுக்குத் தேறியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனசுக்குள் அழகுமலையிடம் மன்னிப்புக்கூடக் கேட்டேன்.

"அக்கா, எல்லாரும் செரியாக் குடுத்துட்டாங்க. ஒரு ரூபா கொறையலீங்க்கா!"

"யாராச்சும் கூட வச்சாங்களா?"

"இல்லீங்க. அக்கா வெச்சது அப்படியே வந்துருச்சு."

அக்காவின் முகம் விழுந்தது.

"வாங்குனதுக்கு மேல நூறோ இருநூறோ கூட வைக்கிறதுதான் எங்க வழக்கம் செல்வி. அந்தக் கூடுதல்தான் அடுத்த நடைக்கு விட்டு வைக்கிற பாக்கி. வாங்குனதை மட்டும் வச்சா, ஒனக்கும் எனக்கும் தீந்துச்சுன்னு அர்த்தம். இவ கிட்டப் புதுசா வச்சா யாரு திருப்பிச் செய்யப் போறான்னு நினைச்சுட்டாங்க. ஒருத்தர் விடாம முடிச்சுட்டாங்கடி என்னை."

பணம் என் மடியில் இருந்தது. அதைத் தொடவே பிடிக்கவில்லை.

பாத்திரம் கழுவ ஆரம்பித்த நேரத்தில், அக்கா குடியிருக்கும் லைன் வீட்டில் அடுத்த வாசலில் இருக்கும் பேகம் வந்தார். புருஷன் பக்கீர் முகமது கட் பீஸ் வியாபாரம். பேகம் இரண்டாயிரத்தை என் முன்னால் வைத்து, "எழுதுங்க," என்றார்.

"ஒனக்கு நான் ஒன்னும் செஞ்சதில்லையே தாயி," என்றார் அக்கா.

"சும்மா தாரேன்னு நெனச்சுக்காதீங்க்கா. வர்ற மே மாசம் எம்மக தபஸ்ஸுமுக்குக் கல்யாணம். நீங்க வந்து திருப்பி வெக்கோணும். வெக்கலீன்னா ஊட்டுக்கு வந்து கேட்டு வாங்குவேன்."

"அதுக்குள்ள நான் செத்துட்டா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. எழுதச் சொல்லுங்க."

அக்கா என்னைப் பார்த்தார். நான் எழுதினேன். மைக் செட்டுக்காரர் வயரைச் சுருட்டிவிட்டதால் நானே எழுந்து நின்று, "நல்லூர் பேகம், இரண்டாயிரம்," என்று சத்தமாக வாசித்தேன்.

"இன்னொருக்க வாசி," என்றார் அக்கா.