பாலத்துக்கு நாற்பது நிமிடம்

கிருசாந்தன் குளத்து வான்கதவுகளைத் திறந்து மூடும் வேலைக்கு வந்து பதினொரு வருடம். அளவுகோலைப் பார்க்காமலே தண்ணீர் எத்தனை அடி என்று சொல்லுவான். லீவு நாளிலும் ஒரு தரம் குளக்கட்டில் நடந்துவிட்டு வந்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். "குளத்தையே கட்டியிருக்கலாமே" என்று மனைவி மேனுகா பகிடியாகச் சொல்லுவாள். சில நாள் அது பகிடியாக இருப்பதில்லை.

கடந்த கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. அவன் வீட்டுக்கே போகவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் மேனுகா போன் எடுத்தாள்.

"சாரங்காவுக்கு மூச்சு முட்டு. வாய்க்குள்ளை மருந்துப் பம் அடிச்சும் கேக்குதில்லை. உதடு நீலமா வருது. உடனை வாங்கோ."

மகளுக்கு எட்டு வயது. ஆசுப்பத்திரிக்குப் போவதென்றால் ஆற்றின் மேல் தாழப் பதிந்த பாலத்தைக் கடக்கவேண்டும். வான்கதவு திறந்தால் குளத்துத் தண்ணீர் ஆற்றில் பாய்ந்து நாற்பது நிமிடத்தில் அந்தப் பாலம் மூழ்கிவிடும்.

பக்கத்து வீட்டுத் திலீபனிடம் உழவு இயந்திரம் இருந்தது. கிருசாந்தன் அவனைப் போனில் கூப்பிட்டு, பிள்ளையை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி முடிக்கவில்லை, எஞ்சினியர் சிவதர்சினியின் அழைப்பு வந்தது.

"ஆறு கதவையும் திறவுங்கோ."

"மிஸ், அரை மணித்தியாலம் தாங்கோ. என்ரை பிள்ளை பாலம் கடக்கவேணும்."

"குளக்கட்டிலை நிக்கிறது நீங்கள். தாங்குமோ எண்டு நீங்களே சொல்லுங்கோ."

அவன் தண்ணீரைப் பார்த்தான். கட்டின் விளிம்புக்கு இரண்டு முழம் கூட இல்லை. தெற்குப் பக்கம் மண் கசிந்து சேறாக வழிந்தது. தாங்கும் என்று சொல்ல வாய் வந்தது. தாங்காது என்று அவனுக்குத் தெரியும்.

"திறக்கிறன், மிஸ்."

திலீபனைத் திரும்பக் கூப்பிட்டான். "நாப்பது நிமிசம்தான் இருக்கு. தண்ணி ஏறியிருந்தா பாலத்திலை இறங்காதை."

கூட வேலை செய்யும் நிஷாந்தன் சைரனை அழுத்தினான். இருவருமாகக் கதவுகளை உயர்த்தும் சில்லைச் சுற்றினார்கள். ஒவ்வொரு கதவும் உயர உயர, தண்ணீர் இரைந்து பாய்ந்தது. கிருசாந்தன் நிற்காமல் அடுத்த கதவுக்குப் போனான். ஆறாவது கதவு முடிந்து போனை எடுத்தபோது சிக்னல் இல்லை. இரண்டு மணித்தியாலம் சிக்னல் தேடிக் குளக்கட்டு நெடுக நடந்தான்.

நாலு மணிக்குச் சிக்னல் திரும்பி, போனில் திலீபனின் குரல் கேட்டது. "கடந்திட்டம் அண்ணை. உழவு இயந்திரத்தின்ரை சில்லு தாண்டி வந்திட்டுது தண்ணி. பிள்ளைக்கு மூச்சு சீராகுது."

கிருசாந்தன் குளக்கட்டிலேயே குந்திவிட்டான்.

வெள்ளம் வடிந்து அவன் ஆசுப்பத்திரிக்குப் போக இன்னும் இரண்டு நாள் சென்றது. சாரங்கா கட்டிலில் இருந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மேனுகா அவனை வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

"பாலத்திலை நிக்கேக்கை தண்ணி வந்தது. நீங்கள் விட்ட தண்ணிதானே?"

"ஓம்."

"நாங்கள் வாறது தெரிஞ்சும்?"

"ஓம். விடாட்டி கட்டு உடைஞ்சிருக்கும். ஊர் முழுக்கப் போயிருக்கும்."

அவள் மகள் இருந்த பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு, "இனி மழைக்காலத்திலை நானும் பிள்ளையும் ஆத்துக்கு இஞ்சாலை, அக்கா வீட்டிலை இருப்பம். நீங்கள் குளத்தோடை இருங்கோ" என்றாள்.

அதில் கோபம் எவ்வளவு, யோசனை எவ்வளவு என்று அவனுக்குப் பிடிபடவில்லை. தலையாட்டிவிட்டு, மகளின் பக்கத்தில் போய் இருந்தான். அன்று குளத்திலிருந்து வந்த இரண்டு அழைப்புகளையும் அவன் எடுக்கவில்லை.