கிரி என்றால் இடது, வலம் என்றால் வலது

குழாய்க்குள் கேட்ட கத்தல்

எனக்குப் பறக்கக் கற்றுத்தந்த கேப்டன், முன்னிருக்கைக்கும் என் காதுக்கும் இடையே பேசுவதற்கு இருந்த குழாய்க்குள் "கிரி, கிரி" என்று கத்தினார். நான் விமானத்தை வலது பக்கம் சாய்த்தேன்.

மலாயில் கிரி என்றால் இடது. இது எனக்குத் தெரியாதா என்ன? பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன் நான். ரிக்‌ஷாக்காரருக்கு வழி சொல்லும்போதெல்லாம் இடதுக்குக் கிரி, வலதுக்குக் கானான் என்றுதான் சொல்லிப் பழக்கம். அப்படி இருந்தும் கை வலப்பக்கம் போய்விட்டது. ஏன் போனது என்று அன்று கேட்டிருந்தால் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன், தெரியாது என்று.

வலப்பக்கம் பினாங்கிலிருந்து வந்த ஒரு விமானம் இறங்குவதற்காக வந்துகொண்டிருந்தது. அதை ஓட்டியவர் போட்டிருந்த கண்ணாடி எனக்குத் தெரிந்தது, அவ்வளவு பக்கம். முன்னிருக்கையில் இருந்த கேப்டன் தன் பக்கத்து ஓட்டும் கம்பான ஸ்டிக்கை ஒரு வெட்டு வெட்டி எங்களைக் கீழே இறக்கினார். தரையிலிருந்து எச்சரிக்கையாகச் சிவப்பு வாணம் ஒன்று கிளம்பியது. யாருக்கு என்று கேட்கவே வேண்டாம்.

இறங்கியதும் கேப்டன் என்னை இறக்கையின் கீழே நிறுத்தினார். வெள்ளைக்காரர். கோபம் வந்தால் பாதி இங்கிலீஷ், பாதி மலாய்.

"லெஃப்ட் ஹேண்ட் எது? தூக்கு."

இடது கையைத் தூக்கினேன்.

"கானான்?"

வலது கையைத் தூக்கினேன். சிறுபிள்ளைக்குக்கூடத் தெரிந்த பாடம். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"பெட்டியில நீதான் நம்பர் ஒன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெட்டி

இப்போது சிமுலேட்டர் என்று சொல்கிறார்கள். பறக்கப் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் வந்து, "அங்கிள், எல்லாம் சிமுலேட்டரிலேயே பழகிட்டா போதாதா?" என்று கேட்கிறார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் எங்கள் பறக்கும் கிளப்பிலும் ஒன்று இருந்தது. மரப்பெட்டி. உடைந்த லோரி ஒன்றின் மூட்டின் மேல் அதை உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு ஸ்டிக், காலுக்கு ஒரு கட்டை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குட்டை இறக்கைகள். நான் ஸ்டிக்கைச் சாய்க்கும் பக்கம் பார்த்து, புல் வெட்டும் முனியாண்டி இறக்கையைப் பிடித்துத் தள்ளுவான், பெட்டி திரும்பும்; தப்பான பக்கம் சாய்த்தால் சத்தம் போடுவதும் அவன் வேலை. சாய்வதும் நிமிர்வதும் என் ஸ்டிக்கின் பாடு.

அதில் பழகியது முக்கியமாகச் சர்க்யூட், அதாவது விமானத் திடலைச் சுற்றி வந்து இறங்குவது. அப்போது விமானத்தில் ரேடியோ கிடையாது. யார் எங்கே இருக்கிறார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதனால் திடலைச் சுற்றி எல்லோரும் ஒரே பக்கமாகத்தான் போகவேண்டும். கிளம்பு, இடது. காற்றுக்குக் குறுக்கே போ, மறுபடி இடது. காற்றோடு போ, இடது. இன்னொரு இடது, எதிரே திடல், இறங்கு. திடல் எப்போதும் உன் இடது தோளுக்குக் கீழே இருக்கவேண்டும். அவ்வளவுதான் சங்கதி.

பெட்டியில் நான் ராஜா. கேப்டன் பக்கத்தில் நின்று நிதானமாக இங்கிலீஷில் சொல்வார், "நவ், எ ஜென்டில் டர்ன் டு த லெஃப்ட்." நான் வெண்ணெயில் கத்தி இறக்குகிற மாதிரி திரும்புவேன். முனியாண்டிக்கே சலித்துவிடும்.

"அண்ணே, நீங்க தப்பே செய்யமாட்டேங்கிறீங்களே. எனக்கு வேலையே இல்லலா" என்பான்.

இந்த நம்பிக்கையில்தான் மண் விழுந்தது. நான் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிரேக் பகுதி ஃபிட்டர். கிளப்பில் எங்களைப் போன்ற ஆசியத் தொழிலாளிகளுக்கு ஒரே ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள், செலவெல்லாம் கிளப்பினுடையது. மாதம் முடிவதற்குள் தனியாகப் பறந்து காட்டவேண்டும். அதைத்தான் சோலோ என்பார்கள். காட்டாவிட்டால் இடம் ஸ்டோரில் இருந்த இன்னொருவருக்குப் போய்விடும், நான் பிரேக் கட்டைகளோடு கிடக்கவேண்டியதுதான். பறக்கவேண்டும் என்ற ஆசை எனக்கு எப்படி வந்தது என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது. வந்துவிட்டது. அந்த இடம் போய்விட்டால் செத்தே போவேன் என்று நினைத்திருந்தேன்.

மறுபடியும் அதே கூத்து

அடுத்த தடவையும் வலதுதான் திரும்பினேன். கிரவுண்ட் எஞ்சினியர் செல்லத்துரை, யாழ்ப்பாணத்துக்காரர், இடது எது என்று மறக்காமலிருக்க இடப்பக்க இறக்கைக் கம்பியில் சிவப்புத் துணி கட்டிவிட்டார். மேலே போனதும் அந்தத் துணியைப் பார்த்தேன், அழகாகப் பறந்துகொண்டிருந்தது. குழாயில் "கிரி" என்று கேட்டது. வலது பக்கம் திரும்பினேன்.

"என்ன ஐசே, கண் தெரியேல்லையோ உமக்கு?" என்றார் செல்லத்துரை. "துணியைப் பாத்தனீரோ?"

"பாத்தேன் சார்."

"பாத்துப்போட்டும் மற்றப் பக்கம் திரும்பினீரோ?"

"ஆமா சார்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "உம்மட தலைக்குள்ள எங்கையோ வயரை மாத்திப் பூட்டிக் கிடக்கு" என்றார்.

பெட்டியில் ஏற்றிப் பார்த்தார்கள். ஒரு பிழை இல்லை. இறக்கினார்கள், மேலே கொண்டுபோனார்கள். பிழை. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. சாப்பிட உட்கார்ந்தால் எந்தக் கையால் சாப்பிடுகிறேன் என்று பார்க்க ஆரம்பித்தேன். சைக்கிளில் போகும்போது முச்சந்தி வந்தால் இறங்கி நின்றுவிடுவேன். கேப்டனும் என்னைக் கைவிட்டுவிடுகிற மாதிரித் தெரிந்தது. வருகிற சனிக்கிழமை கடைசி என்று சொல்லிவிட்டார்.

உரலைச் சுற்றி

என் மனைவி பாக்கியம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்க, எப்படித்தான் சுத்துறீங்கன்னு காட்டுங்க" என்றாள். குவார்ட்டர்ஸ் கொல்லையில் உரல் கிடந்தது. அதைத் திடல் என்று வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் விரித்துச் சுற்றிக் காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலியில் வந்து நின்றுவிட்டார்கள்.

"சரியாத்தானே சுத்துறீங்க" என்றாள் பாக்கியம்.

குனிந்து பார்த்தேன். உரல் என் வலப்பக்கம் இருந்தது.

"இதுதான்டி தப்பு. உரல் இந்தப் பக்கம் இருக்கணும்."

"அதெப்படி? சாமிய அப்படியா சுத்துவாங்க? இடஞ்சுத்துறது எழவு வீட்டுலதானே. நல்ல காரியத்துக்குப் போற எடத்துல அதையா பழக்குறான் அந்த வெள்ளைக்காரன்?" அவளுக்கு முகமே மாறிவிட்டது. பிறகு ஏதோ தோன்றியவள் மாதிரி, "ஆமா, மேல போனதும் என்ன சொல்லிக் கத்துறாரு?" என்று கேட்டாள்.

"கிரின்னு."

"கிரின்னா?"

"இடது பக்கம்னு. மலாய்ல."

பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"திருவண்ணாமலைக்காரர் மகன்கிட்ட வந்து கிரின்னு கத்துனா, வலம்தானே வருவீங்க?"

உரல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா கப்பலேறி வந்தது திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்துதான். கிரிவலம், கிரிவலம் என்று கேட்டே வளர்ந்தவன். இன்னொன்றும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கிளப்புக்குப் போன முதல் நாள் சர்க்யூட் என்றால் என்ன என்று செல்லத்துரையிடம் கேட்டேன். "ஒண்டுமில்லை ஐசே, ஏரோட்ரோமை ஒருக்கா வலம் வாறதுதான்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, சுற்றி வருவதை நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். எனக்குள்ளே அது அப்படியே உட்கார்ந்துவிட்டது.

பெட்டிக்குள் ஏன் தப்பு வரவில்லை என்பதும் கொஞ்சம் விளங்கியது. பெட்டி எதையும் சுற்றுவதில்லை. நின்ற இடத்தில் திரும்புகிறது, அவ்வளவுதான். சுற்றிவரக் கிளப்பின் ஒர்க்‌ஷாப் சுவர், நடுவில் ஒன்றும் இல்லை. அங்கே எஞ்சின் இரைச்சல் இல்லாததால் கேப்டன் சாவகாசமாக "லெஃப்ட்" என்பார். மேலே இரைச்சலில் அவர் அவசரத்துக்குக் கத்துவது "கிரி". கீழே திடல் பெரிய கோயில் மாதிரி பச்சையாகக் கிடக்கும். காதில் கிரி, கண்ணில் சுற்ற ஒரு பொருள். கை என்னைக் கேட்கவே இல்லை.

கேப்டனுக்கு ஒரு தமிழ்ச் சொல்

மறுநாள் இதைச் செல்லத்துரை கேப்டனிடம் விளக்கினார். கோயில், மலை, மலாய், தமிழ் என்று நெடுநேரம் ஆயிற்று. கேப்டன் முகத்தில் ஈயாடவில்லை. கடைசியில், "அப்போ நான் எப்படித்தான் கத்தணும்?" என்று கேட்டார். லெஃப்ட் என்றால் குழாயில் அமுங்கிப்போகிறது, காற்று மாதிரி ஒரு சத்தம்தான் வருகிறது.

"பீச்சாங்கைன்னு சொல்லச் சொல்லுங்க சார்" என்றான் முனியாண்டி.

அதன் அர்த்தத்தைக் கேப்டனுக்கு எப்படிச் சொல்வது என்று செல்லத்துரை நெளிந்தார். காலைக் கடன் கழித்தபின் பயன்படும் கை என்று ஒருவாறு சொல்லி முடித்தார். கேப்டன் சிரிக்கவில்லை. இரண்டு தடவை சொல்லிப் பழகினார்.

அன்று மேலே "பீச்சாங்காய்" என்று கேட்டதும் கை இடது பக்கம் போனது. ஆனால் சிரிப்பு வந்து உயரத்தைத் தவறவிட்டேன், அதற்கும் வசவு வாங்கினேன். பரவாயில்லை, நான்கு இடது திருப்பமும் சரியாக வந்தது. எனக்கிருந்த பயம் வேறு. சோலோ போகும்போது முன்னிருக்கை காலியாக இருக்கும். குழாயில் கத்த ஆள் இருக்காது.

சனிக்கிழமை

கேப்டன் இறங்கி, முன்னிருக்கைப் பட்டைகளைக் கட்டிவிட்டு, "ஒரு சர்க்யூட். இறங்கு. அவ்வளவுதான்" என்றார். ஆள் ஒருவர் குறைந்ததால் விமானம் நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் மேலே போய்விட்டது. திருப்பம் வந்தது. திரும்பினேன், மறுபடி திரும்பினேன். திடல் தெரிந்தது, இறங்கினேன். மோசமில்லாத இறக்கம்.

முனியாண்டி ஓடிவந்தான். செல்லத்துரை கை தட்டினார். கேப்டன் மட்டும் கொடிக்கம்பத்தைக் காட்டினார். பச்சைக் கொடி பறந்துகொண்டிருந்தது. பச்சைக் கொடி ஏறியிருக்கும்வரை, வழக்கத்துக்கு மாறாகச் சுற்று வலப்பக்கம் என்று பொருள். என் விமானம் தரையில் ஓடத் தொடங்கியபோது இடப்பக்கம் மழை இறங்கியதால் அவசரமாக ஏற்றியிருக்கிறார்கள். திரும்புவதற்கு முன் கம்பத்தைப் பார்ப்பது என் கடமை.

நான் வலப்பக்கம்தான் சுற்றியிருந்தேன்.

கேப்டன் என்னிடம் வந்து மெல்லக் கேட்டார், "கொடியைப் பாத்துத் திரும்பினியா, இல்ல பழைய வியாதியா?"

அவர் தோளுக்குப் பின்னால் நின்ற செல்லத்துரை, பாத்தேன் என்று சொல்லும்படி தலையை ஆட்டினார். நானும் யோசித்தேன். பச்சை நிறம் கண்ணில் பட்ட மாதிரியும் இருந்தது, படாத மாதிரியும் இருந்தது. கீழேயெல்லாம் பச்சைதானே. பார்த்தேன் என்றால் இடம் எனக்கு. ஆனால் அடுத்த முறை பினாங்கு விமானம் குறுக்கே வந்தால் என்ன செய்வேன்?

"தெரியல சார்" என்றேன்.

செல்லத்துரை முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேப்டன் வானத்தைப் பார்த்தார். மழை நகர்ந்துகொண்டிருந்தது. அது கடந்து போகும்வரை காத்திருந்தார். பிறகு கொடியை இறக்கச் சொன்னார்.

"இன்னொரு தடவை போ. வந்து சொல்லு" என்றார்.

போனேன். ஏறியதும் கம்பத்தைத் தேடினேன், வெறுமையாக இருந்தது. அப்படியானால் இடது. தெரிந்துகொண்டேன், வாய்விட்டும் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஸ்டிக் வலப்பக்கம் நகர்ந்தது. அதை என் கண்ணால் பார்த்தேன். என் கை, என்னைக் கேட்காமல் நகர்கிறது. அடப்பாவி என்று சொல்லி, அதைப் பிடித்து நிறுத்தி, இடது பக்கம் இழுத்தேன். அடுத்த மூன்று திருப்பத்திலும் அதே சண்டை. திடல் இடது தோளுக்குக் கீழே வந்து நின்றபோது, யார் வீட்டுக்குள்ளோ பின்வாசல் வழியாக நுழைந்த மாதிரி கூச்சமாக இருந்தது.

இறங்கி நேராகக் கேப்டனிடம் நடந்தேன்.

"இப்ப தெரிஞ்சுபோச்சு சார். முதல் தடவை நான் கொடியப் பாக்கல."

"ஐ நோ" என்று கையை நீட்டினார். "அதை விட்டுரு. இதுதான் உன் சோலோ."

பெட்டி போதாதா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு என் பதில் இதுதான்: பெட்டியில் ஏறுங்கள், நன்றாகப் பழகுங்கள், கை பழகட்டும். ஆனால் அந்தக் கை உங்களைக் கேட்காமல் எப்போது கிளம்பும் என்பதை மேலே போனால்தான் பார்க்க முடியும். அன்று நான் இரண்டு முறை தனியாகப் பறந்தேன். முதலில் பறந்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டாவதில் பறந்தவன் நான்.