பேரில் இருந்த பணமும் பேரில் இருந்த நிலமும்

மன்னார்குடிப் பக்கத்து மிராசு வீட்டில் வாழ்க்கைப்பட்ட அம்சவல்லிக்குக் கணவர் அமிர்தலிங்கத்தின் மேல் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவர் அவர். எந்த நாட்டு வங்கிகளில் எவ்வளவு வெளிநாட்டுப் பணம் கிடக்கிறது என்று அளந்து, நாடுகளை வரிசைப்படுத்துவதுதான் அவருடைய ஆராய்ச்சி. அந்த அட்டவணைகளைத் தட்டச்சு செய்வது அவள் தலையில் விழுந்தது.

முதலிடத்தில் ஏதோ ஒரு குட்டித் தீவு இருந்தது. பெரிய நாடுகளெல்லாம் அதற்குக் கீழே.

"ஏங்க, அந்தத் தீவுல அப்படி என்னதான் விளையுது?"

"விளைச்சலை யாரு பார்த்தா? பணம் யார் பேர்ல இருக்கோ அவங்களுது. உலகமே அப்படித்தான் எண்ணுது."

நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து ஏக்கர்தான் என்று இறங்கிய காலம் அது. மேடைகளில் சட்டத்தை வாயாரப் புகழ்ந்த அமிர்தலிங்கம், வரம்புக்கு மேலிருந்த மூன்று ஏக்கரைப் பண்ணையாள் வீரையன் பேருக்கு மாற்றிவிட்டார். பேர் மட்டும்தான் அவனுடையது, நெல் தன் களத்துக்கே வரும் என்று நம்பினார்.

இரண்டு போகம் அப்படியே வந்தது. மூன்றாவது போகமான குறுவையில் வரவில்லை. குடை பிடித்துக்கொண்டு அமிர்தலிங்கம் வயலுக்குப் போனார். வீரையன் தலைத்துண்டை அவிழ்க்காமலே பதில் சொன்னான்.

"பட்டா எம் பேர்லதானுங்களே இருக்கு. கிஸ்தி வரியும் நாந்தான் கட்டுனேன்."

வரப்பில் விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆட்கள் நின்றார்கள். அமிர்தலிங்கம் வந்த வழியே திரும்பினார். வழக்குப் போட்டால் சட்டத்தை ஏய்த்ததை நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று வக்கீலும் கைவிரித்துவிட்டார். கடைசியில் அம்சவல்லியை வீரையன் மனைவி கண்ணாத்தாளிடம் போய்க் கெஞ்சச் சொன்னார். ஊரார் முன் தான் போனால் மானம் போகுமாம்.

அவள் போனாள். கண்ணாத்தாள் புடைத்துக்கொண்டிருந்த முறத்தை வைத்துவிட்டு, "வாங்கம்மா" என்று மோர் கொடுத்தாள். அம்சவல்லி மோரைக் குடித்தாள், பிள்ளைகளின் படிப்பை விசாரித்தாள், எழுந்து வந்துவிட்டாள்.

"கேட்டியா?" என்றார் அவர்.

"கேக்கல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது?"

ஒரு வாரம் அவர் அவளோடு பேசவில்லை. அவளுக்கு அது சௌகரியமாகவே இருந்தது.

அடுத்த ஆண்டு அட்டவணை தலைகீழானது. வெறுமனே பேரில் கிடக்கும் பணம் ஒரு நாட்டின் செல்வமாகாது, உண்மையில் உடையவன் யாரென்று பார்த்தே எண்ண வேண்டும் என்று நாற்பது பக்கத்துக்கு எழுதினார். தீவு அடிமட்டத்துக்குப் போயிற்று. தட்டச்சுப் பொறியை அவள் தொடவே இல்லை. அவர் கூலி கொடுத்து வெளியில் தட்டச்சு செய்துகொண்டார்.

அதற்காகத் தஞ்சாவூரில் கூட்டம் போட்டு அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இவ்வளவு துணிச்சலான திருத்தம் எப்படித் தோன்றியது என்று ஒருவர் கேட்டார்.

"நீண்டகாலச் சிந்தனை" என்றார் அமிர்தலிங்கம்.

பெண்கள் வரிசையிலிருந்து அம்சவல்லி வாய்விட்டுச் சிரித்தாள். முன்வரிசைத் தலைகள் திரும்பின. மேடையில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.