கொடியில்லாமல் போகவேண்டிய கார்

மன்னிப்புக் கேட்பதற்காக நான் இதை எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்ல எனக்குத் தகுதியுண்டு என்பதால் எழுதுகிறேன். வெளிநாட்டுத் தலைநகர் ஒன்றில் நம் நாட்டின் தூதர்களாக இருந்த நால்வருக்கு நான் அடுத்தடுத்து அந்தரங்கச் செயலாளராகப் பணியாற்றினேன். நால்வர் என்பது ஏட்டில் உள்ளபடி. மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் நடுவில் இன்னொருவர் வந்தார். தூதராகாமலே திரும்பிப் போனார். அந்த நாட்டின் பெயரையும் மனிதர்களின் பெயர்களையும் எழுதப்போவதில்லை. அது நான் பார்த்த வேலை கற்றுக்கொடுத்த பழக்கம்.

என் தகப்பனார் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பிறை என்ற ஊரில் ரயில்வே எழுத்தர். அவர் காலத்தில் ஜார்ஜ்டவுனில் ஒரு பெண் பட்டம் பெற்றுவிட்டு ஆசிரியையாகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். நான் வெளியுறவுப் பணிக்குப் போனேன். போன இடத்தில் பனி கொட்டியது. என் சேலை மடிப்பு கலையவில்லை. முதல் தூதர் எந்தக் கடிதத்தையும் மூன்று முறை படிக்காமல் கையெழுத்திட மாட்டார். இரண்டாமவருக்குக் கோபம் அதிகம், மாலைக்குள் மறந்துவிடுவார். மூன்றாமவர் ஊழியர்களின் பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்பதுவரை நினைவில் வைத்திருந்தவர். இதற்குமேல் சொல்லமாட்டேன். கூடவே இருந்து வேலை பார்த்தவர்கள் பின்னாளில் மேலதிகாரியின் வீட்டுக் கதையை எழுதுவது எனக்குப் பிடிக்காது.

சென்ற ஆண்டு, அதே தூதரகத்தில் எனக்குப் பின் பணியாற்றிய ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் என் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், பினாங்குக்காரர். அந்த நாட்டுக்கு நாம் அனுப்பிய தூதர்களின் வரலாற்றை மலாயில் நூலாகத் தொகுத்துக்கொண்டிருந்தார். அதில் எனக்கென்று ஒரு பக்கம், புகைப்படத்தோடு.

"அக்கா, உங்க பக்கத்த நீங்களே ஒரு தடவ பாத்துடுங்க. அப்புறம் தப்பு இருக்குன்னு என்னைத் திட்டக்கூடாது."

"தப்பிருந்தால் திட்டத்தான் செய்வேன்" என்றேன்.

என் பக்கத்தில் தப்பில்லை. புகழ்ச்சிகூட அளவோடு இருந்தது. அதற்கு முந்தைய பக்கத்தில், மூன்றாம் தூதருக்கும் நான்காம் தூதருக்கும் இடைப்பட்ட ஏழு மாத வெற்றிடத்துக்குக் காரணம் சொல்லியிருந்தார்: ஓட்டுநர் ஒருவரின் அறியாமையால் நேர்ந்த சம்பிரதாயப் பிழை.

அந்தச் சம்பிரதாயத்தைச் சொல்லிவிடுகிறேன். தூதராக நியமிக்கப்பட்டவர் அந்த நாட்டு மண்ணில் இறங்கியதும் தூதராகிவிடுவதில்லை. நம் மாமன்னர் தந்தனுப்பிய நியமனக் கடிதத்தை அங்குள்ள அரசுத்தலைவரின் கையில் கொடுத்த பிறகுதான் தூதர். அதுவரை அவருடைய காரில் நம் கொடி பறக்கக்கூடாது. கடிதம் கொடுக்கப் போகும்போது கார் கொடியில்லாமல் போகவேண்டும். திரும்பும்போது கொடியோடு வரவேண்டும். அந்த நாடு இதில் மிகக் கண்டிப்பு.

அந்த நியமனத் தூதர் வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. கடிதம் கொடுக்க இன்னும் மூன்று நாள். வேறொரு நாட்டின் தூதரகத்தில் மாலை விருந்து. எல்லாக் கார்களும் கொடியோடு வரும் இடத்தில் மொட்டைக் காரில் போய் இறங்க அவருக்கு மனமில்லை. என் மேசைக்கு வந்து, "கொடியை எடுத்துக் கொடுங்கள்" என்றார். கொடி அலமாரியின் சாவி என் பொறுப்பில் இருந்தது. விதி எனக்குத் தெரியும். அந்தக் கட்டடத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் எவருமில்லை. எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாளே அந்த நாட்டின் அரசுச் சம்பிரதாயத் துறையிலிருந்து குறிப்பு வந்தது. கடிதம் கொடுக்கும் சடங்கு ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைத்தது ஒத்திவைத்ததுதான். இரண்டு மாதம் காத்திருந்துவிட்டு அந்த மனிதர் ஊர் திரும்பினார். விசாரிக்க வந்த அதிகாரி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கொடி அலமாரி பூட்டியிருந்ததா?"

"பூட்டியிருந்தது."

அது பொய்யில்லை. யார் திறந்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பட்டதாரிப் பெண்ணின் அலமாரியைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவில்லை. காரிலேயே வேறொரு கொடி கிடந்திருக்கும், ஓட்டுநர் தெரியாமல் மாட்டியிருப்பார் என்று அவர்களாகவே முடிவுகட்டினார்கள். நியமனத் தூதரும் அதை மறுக்கவில்லை. இங்கிருந்தே எங்களோடு வந்திருந்த அந்த ஓட்டுநரை அடுத்த மாதமே திருப்பி அனுப்பினார்கள். நான் மேலும் நான்கு ஆண்டு அங்கே இருந்தேன். நல்ல பெயரோடு திரும்பினேன்.

தொகுப்பாளரிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அவருடைய தேநீர் ஆறியிருந்தது.

"அக்கா, நாப்பது வருஷம் ஆச்சு. அந்தத் தூதரு செத்தும் போயிட்டாரு. அவரு பிள்ளைங்க இருக்காங்க. வேணும்னா அந்த வரிய எடுத்துடறேன். 'நிர்வாகக் காரணங்கள்'னு போட்டா முடிஞ்சிருச்சு. உங்களுக்கும் நல்லது, டிரைவருக்கும் நல்லது."

"டிரைவருக்கு நல்லதா என்று டிரைவரைக் கேட்டீர்களா?"

"அவரு உயிரோட இருக்காரா?"

அது எனக்கும் தெரியாது. வெட்கத்தோடு எழுதுகிறேன்: நாற்பது ஆண்டில் ஒருமுறைகூட நான் விசாரித்ததில்லை. பைராம் தோட்டத்தில் பிறந்தவர் என்பது மட்டும் நினைவிருந்தது. அந்தப் பக்கத்துக் கோவில் தலைவர் ஒருவர் வழியாகத் தேடியதில், சுங்கை பாக்காப்பில் மகள் வீட்டில் இருப்பதாகத் தகவல் கிடைத்தது. வாடகைக் கார் பிடித்துப் பினாங்குப் பாலத்தைக் கடந்து போனேன்.

எண்பத்து மூன்று வயது. பார்வை மங்கியிருந்தது, வாய் மங்கவில்லை.

"மேடமா? அட! தூதரக மேடம்! உக்காருங்க. இன்னும் அதே மாதிரி வெறப்பாத்தான் நிக்கிறீங்க லா."

நூலைப் பற்றிச் சொன்னேன். அந்த வரியைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"புக்குல வேற போட்டுட்டாங்களா? இங்க ஆகஸ்டு மாசம் சுதந்திர நாள் வந்தா எல்லாரும் ஓட்டுற கெரேத்தாவுல கொடி மாட்டுவாங்கல்ல? என் மருமகன் வருஷா வருஷம் கேப்பான், 'மாமா, மாட்டட்டுமா, இல்ல யாரையாச்சும் கேக்கணுமா?'ன்னு. பேரப்பிள்ளைங்க வரைக்கும் சிரிக்கும். தாத்தா கொடி மாட்டி அம்பாசிடர் வேலைக்கே ஒல வச்சவருன்னு."

அந்த வரியை எடுத்துவிடச் சம்மதித்திருக்கிறார்கள் என்றேன்.

சிரிப்பு நின்றது. "எடுத்துட்டா? புக்குல இருந்து எடுப்பாங்க. என் மருமகன் வாயிலேர்ந்து எவன் எடுப்பான்? மேடம், ஒண்ணு சொல்றேன். அன்னிக்கி அவரு கொடியக் கையில கொண்டாந்து குடுத்தாரு. நான் சொன்னேன், 'சார், இன்னும் கடுதாசி குடுக்கலையே, இப்ப வேணாம் சார்'னு. 'உன் வேலை வண்டி ஓட்டுறது'ன்னாரு. விசாரணையில இதையும் சொன்னேன். யாரும் எழுதிக்கல."

நான் கேட்டேன்: "உங்களுக்கு அந்த விதி எப்படித் தெரியும்?"

"மூணாவது அம்பாசிடருக்கு நாந்தானே ஓட்டுனேன்? போறப்ப கொடி இல்ல, வர்றப்ப கொடி. பாத்தா தெரியாதா?"

தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர் அவர். விதியை மனப்பாடமாக வைத்திருந்த நான் சாவியைத் திருப்பினேன். அவர் வாயைத் திறந்தார். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு இதே நினைப்பு. என்மீதே கோபம் வந்தது. அது நல்ல கோபம், செயலுக்கு உதவும் கோபம்.

அன்றே தொகுப்பாளருக்கு எழுதினேன். கொடியை எடுத்துத் தந்தது செயலாளர், கேட்டது நியமனத் தூதர், வேண்டாமென்று தடுத்தவர் ஓட்டுநர். இந்த மூன்றையும் அச்சிடுங்கள். இல்லையேல் என் பக்கத்தையும் படத்தையும் எடுத்துவிடுங்கள் என்றேன். ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு, மிகுந்த மரியாதையோடு, என் பக்கத்தை எடுத்துவிட்டார்கள்.

நூல் வெளியீடு ஜார்ஜ்டவுனில் ஒரு விடுதி மண்டபத்தில் நடந்தது. அழைப்பு வந்தது, போனேன். ஓட்டுநரையும் அவர் மருமகனையும் வரச் சொல்லியிருந்தேன். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தோம். உரைகள் முடிந்து கேள்வி நேரம் வந்தபோது, முன்வரிசையில் ஒரு சீனப் பேராசிரியர் எழுந்து, மூன்றாம் தூதருக்கும் நான்காம் தூதருக்கும் இடையில் ஏழு மாதம் ஏன் யாருமில்லை என்று கேட்டார். தொகுப்பாளர் ஒலிவாங்கியில், "நிர்வாகக் காரணங்கள்" என்றார்.

நான் எழுந்தேன். எவரும் ஒலிவாங்கி தரவில்லை, நானும் கேட்கவில்லை. பணிக்காலமெல்லாம் கோப்புகளை வாசித்துக் காட்டிய குரல், மண்டபத்தின் கடைசி வரிசைவரை போகும். மருமகனுக்கும் பேராசிரியருக்கும் ஒன்றாய்ப் புரியட்டும் என்று மலாயில் சொன்னேன். அலமாரி, சாவி, மூன்று நாள், கார். "நான் கொடுத்தேன். இவர் தடுத்தார். தண்டனை இவருக்குப் போனது" என்று ஓட்டுநரைக் காட்டினேன். அவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

"போதும் மேடம், உக்காருங்க லா. எல்லாரும் பாக்குறாங்க."

"பார்க்கத்தான் சொல்கிறேன்" என்று முடித்துவிட்டே உட்கார்ந்தேன்.

கைத்தட்டல் ஒன்றும் எழவில்லை. மருமகன் குனிந்து மாமனாரின் காதில் ஏதோ கேட்டான். "அப்பவே சொன்னேனே, நீ எங்க கேட்ட?" என்று அவர் உரக்கவே சொன்னார்.

தேநீர் வேளையில் தொகுப்பாளர் என்னைத் தனியாக நிறுத்தினார். முகம் வாடியிருந்தது.

"அக்கா, இத்தன வருஷம் காப்பாத்துன பேர ஒரே நாள்ல கெடுத்துக்கிட்டீங்களே."

"என் பேர், தம்பி. கெடுத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. அவருடைய பேரைக் கெடுக்கத்தான் நம் இருவருக்கும் உரிமை இருந்ததில்லை."