ஐந்தருவி வரை வந்த சக்கரம்

போன செவ்வாய்க்கிழமை கீழப்பாவூரில் எங்களுக்கு ஆசிரியர் பயிற்சி. மதியம் இலை போட்டு உட்கார்ந்த நேரத்தில், வாடகைக் கார் ஓட்டும் முருகன் போனில் அழைத்தான். "சார், நம்ம டயர்கடை அண்ணாச்சி போயிட்டாவ. காலைல காப்பிய குடிச்சுட்டு நாற்காலில சாஞ்சவுக, அப்படியே..." என்றான். இலையை மடித்துவிட்டு எழுந்தேன். பக்கத்தில் இருந்தவர் இறந்தவர் என்ன உறவு என்று கேட்டார். உறவு ஒன்றுமில்லை, என் காருக்குப் பஞ்சர் பார்ப்பவர் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் சங்கரபாண்டி அண்ணாச்சியின் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பாதியாக அறுத்த இரும்பு டிரம் ஒன்று தண்ணீரோடு வாசலில் கிடக்கும், அதுதான் அடையாளம். அவரிடம் வண்டி கொண்டுபோனவர்களுக்கு அந்த டிரம் முன்னால் காத்திருந்தது நினைவிருக்கும். சக்கரத்தை அதில் முக்கி, குனிந்து, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த நேரத்தில் யார் பேசினாலும் பதில் வராது. குமிழி வந்த பிறகு நிமிர்ந்து ஒரே கேள்விதான் கேட்பார். "வண்டி எங்க போவுது? யாரு யாரு போறிய?" டயருக்கு ஒட்டுப் போடுவதா, மாற்றுவதா என்று அதற்கப்புறம்தான் சொல்லுவார். இது என்ன கலெக்டர் விசாரணையா என்று நான் ஒரு தடவை கேலி செய்தேன். "ஓட்டைய மட்டும் பாத்து முடிவு சொல்லக் கூடாது சார். அந்த ஓட்டைய நம்பி யாரு ஒக்காந்திருக்கான்னும் பாக்கணும்லா" என்றார்.

கேட்டவுடன் புது டயர் மாட்டிவிடும் ஆளும் அவர் இல்லை. புளியங்குடியிலிருந்து எலுமிச்சை வியாபாரி ஒருவர் வந்தார். மூன்று நாளுக்கு ஒரு முறை ஒரு சக்கரம் காற்று இறங்கிப்போகிறது. இரண்டு கடைகளில் பார்த்துவிட்டு, நான்கு டயரையும் மாற்றச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அண்ணாச்சி மூன்று முறை முக்கிப் பார்த்தார். குமிழி டயரிலிருந்து வரவில்லை, டயரும் இரும்பு வட்டும் சேரும் விளிம்பிலிருந்து பொடிப்பொடியாக வந்தது. வட்டில் துரு. உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, பசை தடவி மாட்டிக் கொடுத்தார். "டயரு தங்கமா இருக்கு. அதப் போயி குத்தம் சொல்லிட்டுத் திரியுதீரே, நல்லாருக்கா வே?" என்று அந்த வியாபாரியைத் திட்டவும் செய்தார். அடுத்த வாரம் அந்த மனிதர் ஒரு மூட்டை எலுமிச்சை கொண்டுவந்து இறக்கினார். பத்து நாள் அந்தக் கடைக்குப் போன எல்லாருக்கும் ஜூஸ் கிடைத்தது, பஞ்சர் இல்லாமலே போனவர்களும் உண்டு. நானும் போனேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், ஆனி மாதம். குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் தங்கை செண்பகத்தைக் குழந்தையோடு, மலைக்கு அந்தப்புறம் கேரளத்தில் இருக்கும் புனலூரில் அவள் புகுந்த வீட்டில் கொண்டுவிட வேண்டும். பெண் குழந்தை, மூன்று மாதம் முடிந்திருந்தது. காரின் தலையில் தொட்டிலைக் கட்டி, பின்னால் சீர்ச் சாமான்களை அடைத்தோம். போகிற வழியில் ஐந்தருவியில் குளித்துவிட்டுத்தான் மலை தாண்ட வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. பன்னிரண்டு மணிக்கு மேல் நேரம் நன்றாக இல்லை, அதற்குள் அந்த வீட்டுப் படி ஏறிவிட வேண்டும் என்பது இன்னொரு கட்டளை. காலையில் பார்த்தால் பின்சக்கரம் தரையோடு தரையாக இருக்கிறது. மாற்றுச் சக்கரத்தின் டயர் முந்தின மாதமே வெடித்துவிட்டது. வாங்கலாம், வாங்கலாம் என்று நான் தள்ளிப்போட்டிருந்தேன்.

வீட்டாரை வாசலில் நிறுத்திவிட்டு, காற்றடித்து மெல்ல உருட்டிக்கொண்டு நான் மட்டும் அண்ணாச்சியிடம் போனேன். கடையில் எனக்கு முன்னால் ஆறு வண்டி. அவர் சக்கரத்தை முக்கினார். குமிழி டயரின் பக்கவாட்டுச் சுவரிலிருந்து வந்தது. "சார், தரையில படுத இடம்னா ஒட்டலாம். இது பக்கச் சொவரு. வண்டி ஓடையில இந்த எடம்தான் மடங்கி மடங்கி நிமிரும். ஒட்டு நிக்காது, மாத்திருங்க. இந்த அளவு எங்கிட்ட இல்ல. திருநவேலில சொன்னா மத்தியான பஸ்ஸுல போட்டு விட்டுருவான்" என்றார்.

மத்தியானம் என்றால் நல்ல நேரம் போய்விடும். அப்பாவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஒட்டுப் போட்டுக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"எங்க போறிய?"

"குத்தாலம் வரைக்கும்தான் அண்ணாச்சி. குளிச்சிட்டு நேரா இங்கனதான் வாரேன்."

கணக்கு வாத்தியார் நான். பிள்ளைகள் விடையை மாற்றி எழுதினால் காதைத் திருகுகிறவன். அன்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், வரிசையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். பிறகு ஒட்டை எடுத்தார். "குத்தாலம் போயிட்டு வாரதுக்குத் தாங்கும். மெதுவா போங்க" என்று அனுப்பினார்.

ஐந்தருவியில் நல்ல தண்ணீர். அப்பா அருவியை விட்டு வரவே மாட்டேன் என்கிறார். செண்பகமும் குழந்தையும் ஒரு கடை ஓரத்தில் சாரல் படாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவழியாக அப்பாவைக் கிளப்பிக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு வந்தால், எங்கள் காருக்குப் பக்கத்தில் அண்ணாச்சி நிற்கிறார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அவருடைய டி.வி.எஸ்ஸின் பின்னால் முழுச் சக்கரம் ஒன்று கயிற்றில் கட்டியிருக்கிறது. அவர் காரும் என் காரும் ஒரே மாடல். தன் காரில் ஒரு சக்கரத்தைக் கழற்றிக் கொண்டுவந்துவிட்டார். சீசன் ஞாயிற்றுக்கிழமையில் கடையை அடைத்துவிட்டு, முதலில் பேரருவிப் பக்கம் தேடி, அங்கே காணாமல் இங்கே வந்து, நூற்றுக்கணக்கான வண்டிகளில் என்னுடையதைக் கண்டுபிடித்திருக்கிறார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க அண்ணாச்சி?"

"நம்பரெல்லாம் எனக்கு நிக்காது சார். டயரு மறக்காது."

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினார். ஒட்டுப் போட்ட இடத்தில் ரப்பர் கொப்புளம் மாதிரி வீங்கியிருந்தது. என்னை மட்டும் அருகே கூப்பிட்டு, என் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தார். சூடாக, மெத்தென்று இருந்தது. "புளியரை ஏத்தத்துல, அந்த வளைவுல போயிருக்கும்" என்று தணிந்த குரலில் சொன்னார். புனலூருக்கு மலை ஏறும் வழியில் இருக்கிறது அந்த வளைவு, ஒரு பக்கம் பள்ளம். செண்பகத்தின் மடியில் குழந்தை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "என்னய்யா வேல பாத்தீரு? ஒரு ஒட்டு ஒழுங்கா போடத் தெரியாதா? பச்சப்புள்ள போற வண்டி!" என்று சத்தம் போட்டார். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டே, "தப்பு என்னோடதுதான்யா. மன்னிச்சுக்கிடுங்க" என்றார். போல்ட்டை இறுக்கி, இன்னொரு முறை இறுக்கிப் பார்த்து, குழந்தையின் பாதத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்.

நாங்கள் பன்னிரண்டுக்குள் படி ஏறினோம். அண்ணாச்சியின் கார் நான்கு நாள் மூன்று சக்கரத்தோடு, ஒரு பக்கம் கல்லை முட்டுக் கொடுத்து நின்றது. அப்பா வாய் சும்மா இருக்குமா? ஊர் முழுக்கச் சொன்னார். அதற்குப் பிறகு கார் ஸ்டாண்டில் அண்ணாச்சியைக் கண்டால், "ஒட்டு நல்லா போட்டியளா, இல்ல பின்னாலயே வருவியளா?" என்று கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். நான் பக்கத்தில் நின்றபோதே இரண்டு மூன்று முறை இது நடந்தது. நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

துஷ்டி கேட்க அண்ணாச்சி வீட்டுக்குப் போன அன்று, கூட்டம் குறைந்ததும் அண்ணாச்சியின் மனைவியிடம் போய் உட்கார்ந்தேன். அவர்களை மதினி என்றுதான் கூப்பிடுவேன். "மதினி, அன்னைக்கு அண்ணாச்சி மேல தப்பில்ல. மலை தாண்டிப் போறத மறைச்சு நான்தான் பொய் சொன்னேன். என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னு பழிய அவுக ஏத்துக்கிட்டாவ" என்று சொல்லிவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது.

மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க பொய் சொன்னது அவுகளுக்கு அப்பவே தெரியும்யா. கார் மேல தொட்டில் இருந்துச்சுல்லா. குளிக்கப் போறவங்களுக்குத் தொட்டில் எதுக்குன்னு மனசுல பட்டுச்சாம். கடையில கூட்டம். கேட்டு நெசம் தெரிஞ்சுட்டா ஒட்ட முடியாது, நீங்களும் கெஞ்சுதிய. கேக்காம விட்டுட்டேன், தப்பு என்னோடதுன்னு அன்னைக்கு வந்ததும் எங்கிட்ட சொன்னாவ. உங்களுக்காவ ஒண்ணும் சொல்லல. நெசமாத்தான் சொல்லியிருக்காவ."

எட்டு வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. என்னைக் காப்பாற்றுவதற்காக அவர் எதையும் சொல்லவில்லை. தன் பங்கு எவ்வளவோ அதை அந்த இடத்திலேயே சொல்லி முடித்துவிட்டார். என் பங்கை நான்தான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டார், ஒரு நாளும் கேட்கவும் இல்லை.

செண்பகத்தின் மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. லீவுக்கு வந்தால், மாமா என்பதை மலையாளத்தில் சொல்லி, என்னை "அம்மாவா" என்று கூப்பிட்டுக்கொண்டு வீடு முழுக்க ஓடுகிறாள். அவள் ஓடும் சத்தத்தைத்தான் அண்ணாச்சி எனக்கு விட்டுப்போனதாக வைத்துக்கொண்டிருக்கிறேன். அவரைக் கேலி செய்தவர்களும், என்னோடு சேர்ந்து சிரித்தவர்களும், என் அப்பாவும் இதைப் படிக்க வேண்டும். குற்றாலம் வரைக்கும்தான் என்று நான் சொன்னது பொய். அந்தப் பிள்ளை மலை தாண்டிப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது அண்ணாச்சியின் சக்கரத்தில்.