தானாக உயர்ந்த கை

மயக்கம் தெளிந்தபோது என் வலது கை மேலே தூக்கியபடி நின்றது. மார்புக்கு நேர் மேலே, முழங்கை லேசாக மடங்கி, விரல்கள் விரிந்து. சலைன் பாட்டிலை மாற்ற வந்த நர்ஸ் அதில் இடித்துக்கொள்வாரோ என்று பயமாக இருந்தது.

"சிஸ்டர், கையைக் கொஞ்சம் இறக்கி வைங்க."

"எந்தக் கைம்மா?"

"வலது கை. தூக்கிக்கிட்டு நிக்குது பாருங்க."

அவர் போர்வையை விலக்கினார். என் வலது கை வயிற்றின்மேல், ஸ்லிங்கில் (கையைக் கழுத்தோடு தாங்கும் பட்டை) கட்டப்பட்டுக் கிடந்தது. விரல்கள் வீங்கியிருந்தன. நகங்களில் மருந்தின் மஞ்சள். நன்றாகப் பார்த்தேன். ஆனாலும் மேலே நின்ற கை இறங்கவில்லை.

"மருந்து வேலை செய்யுதும்மா. நாளைக்குச் சரியாயிடும்," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

தோள் தசைநாண் (தசையை எலும்போடு பிணைக்கும் வெண்ணிற நார்) தையலுக்குப் போகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை. கழுத்தின் பக்கவாட்டில் ஒரு நரம்புத் தடுப்பு ஊசி (கை முழுவதையும் மரத்துப்போக வைப்பது) போடுவார்கள். மரத்துக்கொண்டு வரும்போதே என் கையை உயர்த்திப் பிடித்து மருந்து தடவினார்கள். மூளைக்குக் கிடைத்த கடைசிச் செய்தி அதுதான். அழுத்த மானிகளைச் சரிபார்ப்பது என் தொழில். இணைப்பு அறுந்த கருவி, பல நேரம் பூஜ்ஜியம் காட்டாது. கடைசியாக வந்த அளவையே காட்டிக்கொண்டிருக்கும். காரணம் தெரிந்திருந்தும் அந்தக் கை மறையவில்லை. மறுநாள் காலை இட்லி சாப்பிடும்போதுதான் அது இல்லை என்று கவனித்தேன்.

மழை நாளில், மந்தைவெளியில் எங்கள் அடுக்ககத்தின் படிக்கட்டில் வழுக்கி, கைப்பிடியை ஒரே கையால் பிடித்துத் தொங்கியதில் வந்த கிழிசல் இது. வலி ஒரு வாரத்தில் குறைந்துவிட்டது. கை மட்டும் தோளுக்கு மேலே போக மறுத்தது. அறுவைச் சிகிச்சை நிபுணர் எம்.ஆர்.ஐ. படத்தில் நார் எலும்பை விட்டுப் பிரிந்த இடத்தைக் காட்டினார். எலும்பில் சிறு திருகுகள் இறக்கி, அவற்றிலிருந்து வரும் நூலால் நாரை இழுத்துக் கட்டுவார்கள்.

"கட்டுறது என் வேலை. ஒட்டுறது உங்க உடம்போட வேலை. ஒட்டுறதுக்கு முன்னாடி நீங்களா கையைத் தூக்கினா பிச்சுக்கும். ரெண்டாவது தடவை தைக்கிறப்போ முதல் தடவை மாதிரி நிக்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

நான் பார்க்கும் மானிகள் பெரும்பாலும் தலைக்கு மேலே, குழாய்களில் இருப்பவை. கை உயராவிட்டால் அந்த வேலை எனக்கு இல்லை. ஆகவே மருத்துவர் சொன்ன விதிகளை மனப்பாடம் செய்தேன். ஸ்லிங்கோடு சாய்ந்து தூங்குவது. முன்பக்கம் திறக்கும் சட்டை மட்டும். குளிக்கும்போது முன்னால் குனிந்து, கையைத் தொங்கவிட்டு அக்குளைக் கழுவுவது. மற்றவர் என் கையை அசைக்கலாம். நான் அசைக்கக் கூடாது.

கடைசி விதிதான் கடினம். அடையாறில் பிசியோதெரபிஸ்ட் பிரபா என் முழங்கையைத் தாங்கித் தூக்குவார்.

"மேடம், நீங்க ஹெல்ப் பண்றீங்க."

"இல்லையே."

"கை வெயிட்டே இல்ல. பொணம் மாதிரி விடுங்க. மன்னிச்சுக்கோங்க, வேற வார்த்தை வரல."

நான் விட்டேன். அது சட்டென்று கனத்தது. ஒரு கை இவ்வளவு கனமா என்று இருவரும் அதைப் பார்த்தோம். அன்றிலிருந்து வீட்டில் அம்மாவும் நானும் அதை 'அது' என்றே சொல்லத் தொடங்கினோம். "அதுக்கு ஐஸ் வெச்சியா?" "அது தூங்குதா?" என்று அம்மா கேட்பார்.

அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. தெருக்கோடியில் இருக்கும் எங்கள் மாதா கோயிலில் மாலை ஆறு மணிக்கு மூவேளை செபத்துக்கு மணி அடிக்கும். எங்கே நின்றாலும் நாங்கள் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வோம். ஸ்லிங் போட்ட முதல் மாலை நான் இடது கையை எடுத்தேன்.

"இடது கையாலயா போடுவ?"

"ஆபரேஷன் ஆனது ஆண்டவருக்குத் தெரியும்மா."

"தெரியும்ல? அப்போ மனசுக்குள்ள போட்டுக்கோ. அதுவே போதும்."

அப்படியே செய்தேன். ஒவ்வொரு மாலையும் மணி கேட்டதும், கையை அசைக்காமல், நெற்றி, மார்பு, இடது தோள், வலது தோள் என்று மனதுக்குள் மட்டும். எதையும் ஒழுங்காகச் செய்பவள் ஆகையால் இதையும் ஒழுங்காகச் செய்தேன். விரல் நுனி நெற்றியில் படுவதுவரை நினைத்துப் பார்ப்பேன்.

ஒருநாள் மாலை, ஸ்லிங்கைக் கழற்றிவிட்டு, சாப்பாட்டு மேசையில் இடது கையை ஊன்றிக் குனிந்து ஊஞ்சல் பயிற்சி (தொங்கும் கையை உடம்பின் அசைவால் மட்டும் ஆட்டுவது) முடித்து நிமிர்ந்தேன். மணி அடித்தது. அம்மா செபத்தைத் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது என் முகத்தை என்று நினைத்தேன்.

வலது கை என் நெற்றியில் இருந்தது.

வலி இல்லை. சத்தம் இல்லை. நெற்றியில் விரல்களின் குளிர்ச்சி மட்டும் தெரிந்தது. விரல்கள் நெற்றியை உணரவில்லை.

"நீயா தூக்கின?"

"இல்லம்மா. அதுவா போச்சு."

அம்மா இரண்டு கைகளாலும் அதைப் பிடித்து, தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல ஸ்லிங்குக்குள் வைத்தார். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். எங்கள் வீட்டில் அந்த மணிக்கு ஜன்னல் சாத்தியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் மருத்துவர் அல்ட்ராசவுண்ட் (ஒலி அலைகளால் உள்ளே பார்க்கும் சோதனை) எடுத்தார். சாம்பல் நிறத் திரையில் என்னுடைய எதுவோ மெதுவாக நகர்ந்தது. அவர் கருவியைத் தோளின்மேல் நகர்த்திய நேரம் முழுவதும் நான் என் தலைக்கு மேலிருந்த குழாய் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் உயரத்தை மனம் தானாகவே அளந்தது.

"தையல் நிக்குது," என்றார். "அதிர்ஷ்டம். என்ன பண்ணீங்க?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஓர் அசைவை நுணுக்கமாக நினைத்துப் பார்ப்பதும் மூளைக்கு ஏறக்குறைய ஒத்திகைதான் என்றார். வேறு நோயாளிகளுக்கு அதையே பயிற்சியாகக் கொடுப்பதுண்டாம். "நீங்க தினமும் ஆர்டர் போட்டிருக்கீங்க. ஒருநாள் அது கேட்டிருச்சு. கொஞ்ச நாளைக்கு மனசுக்குள்ளயும் போடாதீங்க."

நிறுத்தினேன். நினைக்காமல் இருப்பது எப்படி என்று கேட்காதீர்கள். மணி அடிக்கும் நேரத்தில் பெருக்கல் வாய்ப்பாடு சொன்னேன்.

பிறகு, தசைநாண் ஒட்டிவிட்டது, இனி நானே தூக்கலாம் என்று அனுமதி வந்தது. கண்ணாடி முன் நின்று கட்டளையிட்டேன். தோள் காதுவரை ஏறியது, கை வரவில்லை. அம்மா, "இப்போ போடு பார்ப்போம்," என்று மணி அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்தார். நான் கையையே பார்த்தேன். அது, கூப்பிட்டது தன்னை அல்ல என்பதுபோல் தொங்கியது.

"முறைச்சுப் பார்த்தா யாருதான் வேலை செய்வாங்க?" என்றார் பிரபா. சுவரில் விரல்களால் ஏறச் சொன்னார். ஏறும்போது வேறேதாவது பேச வைப்பார். பேச்சு நின்றால் கையும் நின்றது. நான் இல்லாத நேரத்தில்தான் அது நகர்ந்தது என்பதை ஏற்றுக்கொள்ளச் சங்கடமாக இருந்தது. ஆனால் நகர்ந்தது. முதலில் மூக்கு உயரம். பிறகு நெற்றி. இலக்காகப் பிரபா சுவரில் ஒட்டியிருந்த நாடாவைத் தாண்டி ஒருநாள்.

இதே பாதையில் இருப்பவர்களுக்குச் சொல்வேன்: உங்கள் கை திரும்பி வரும். ஆனால் போனபடியே வராது. நினைப்பதற்கும் அசைவதற்கும் நடுவே முன்பு தெரியாத ஓர் இடைவெளி இப்போது இருக்கிறது. சில நேரம் நான் நினைத்த பிறகு கை வருகிறது. சில நேரம் அது முந்திக்கொள்கிறது.

கடைசிப் பரிசோதனையில் மருத்துவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தச் சொல்லிவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான். வேலைக்குப் போங்க," என்றார். திங்களன்று போனேன். மந்தைவெளிப் பணிமனை எதிரே பேருந்துக்குக் காத்திருந்தேன். தூரத்தில் வந்தது. கை காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

பேருந்து எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. கை ஏற்கெனவே மேலே இருந்தது. தலைக்கும் மேலே, முழு நீளத்துக்கு. அதை அண்ணாந்து பார்த்தபடி நின்றேன்.

"இன்னாம்மா," என்று கண்டக்டர் கத்தினார். "வண்டிய நிறுத்திட்டு மானத்தப் பாத்துகினு கீறே? ஏறு, ஏறு!"

ஏறினேன். நெரிசலில் மேல் கம்பியை எட்டிப் பிடித்தேன். எந்தக் கையால் என்று, இறங்கும்வரை, பார்க்கவில்லை.